வளையல் கிடைத்துவிட்டது, பொய்தான் மிச்சம்

வளையல் ஒன்று காணாமல் போன பதற்றத்தில் குறி சொல்பவரிடம் போனேன். "வீட்டுக்குள்தானே வைத்திருந்தீர்கள்?" என்றார். தலையாட்டினேன். "சமீபத்தில் யாரோ வந்து தங்கினார்கள்." அதற்கும் தலையாட்டினேன். "ஒரு பெண்..." என்று இழுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "என் நாத்தனாரா?" என்று நானே கேட்டேன். "நான் பெயர் சொல்லமாட்டேன்" என்றார். எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள்! எப்படித்தான் கண்டுபிடித்தாரோ என்று வியந்தபடி வீடு திரும்பினேன். கணவரிடம் தோழியைப் பார்க்கப் போனதாகச் சொன்னேன்.

பதினொரு நாள் கழித்துத் தலையணை உறைக்குள் வளையல் கிடைத்தது. அதற்குள் நாத்தனாரின் அழைப்புகளை எடுக்காமல் விட்டிருந்தேன். "மதினி, என் மேல் கோபமா?" என்று அவள் அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை. 'கோபமே இல்லை' என்று சொல்லிவிடலாமா? சமாதானத்துக்காகப் பொய் சொல்லலாம் என்கிறார்களே?

* * *

சகோதரி, நானும் போனவன்தான். நம்பிக்கையில்லாமல், நண்பர்களோடு சும்மா கைரேகை பார்க்கப் போனேன். நம்பினால்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன். குறிகாரனிடம் போய்க் கேட்டாலே நாற்பது இரவுகளின் தொழுகை ஏற்கப்படாது என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அவன் சொல்வதை நம்புவது அதைவிடப் பெரிய விஷயம். 'அப்படியானால் நாற்பது நாள் தொழ வேண்டாமா?' என்று அசட்டுத்தனமாக ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டேன். கடமை நிறைவேறும், நன்மை கிடைக்காது என்று ஹதீஸ் அறிஞர் இமாம் நவவி விளக்கியதைச் சொன்னார்.

எனக்குச் சொன்னவற்றில் ஒன்று பலித்தது. அதுதான் என்னை ஆட்டிவைத்தது. சில நேரம் அவர்கள் சொல்வது உண்மையாகிறதே என்று நபியவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத படைப்பான ஜின், தான் ஒட்டுக்கேட்ட ஒரு சொல்லைக் கோழி கொக்கரிப்பதுபோல் குறிகாரனின் காதில் போடும், அதனுடன் நூறு பொய்க்கு மேல் கலப்பார்கள் என்பது நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் பதில். பலிக்காத மற்றவற்றை யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட நினைவில்லை.

* * *

நான் இன்னொருத்தி, பொய்யைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மக்களுக்கிடையே இணக்கம் ஏற்படுத்த நல்லதைச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்று நபித்தோழி உம்மு குல்ஸூம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உண்மைதான். ஆனால் அது சண்டையிட்ட இருவரைச் சேர்த்துவைப்பவருக்கு. நீங்கள் மறைக்க நினைப்பது உங்கள் தவறை. நான் அந்தச் சலுகையைப் பலமுறை இழுத்து நீட்டியவள், அதனால்தான் சொல்கிறேன். பேரீச்சம்பழம் தருகிறேன் என்று குழந்தையை அழைத்த தாயிடம், ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள்.

* * *

முதலில் எழுதியவள்தான். கணவரிடம் சொல்லிவிட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நாத்தனார் வீட்டுக்குப் போனோம். சந்தேகப்பட்டதையும் குறி கேட்டதையும் சொன்னேன். "அந்த வளையலைக் காட்டுங்கள் மதினி" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருப்பித் தந்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், ஸலாமுக்குப் பதில் சொன்னாள். வேறெதுவும் பேசவில்லை.