கூகுள் கிளாஸ்ரூம்: 41 பேரும் ஒரே தாளில் எழுதிவிட்டார்கள், என்ன செய்வது?

தமிழம்மா:
10ஆம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். தொகைநிலைத் தொடர்களை நடத்தி முடித்ததும் கூகுள் டாக்ஸில் பத்து வரி அட்டவணை போட்டேன்: ஊறுகாய், தாய்சேய், மலரடி, செந்தாமரை என்று இடப்பக்கம் சொல், வலப்பக்கம் என்ன தொகை என்று அவர்கள் எழுத வேண்டும். கிளாஸ்ரூமில் கிரியேட், அசைன்மென்ட் என்று போய் அந்த டாக்கை இணைத்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது. பிள்ளைகள் எழுத வேண்டுமே என்று ‘ஸ்டூடன்ட்ஸ் கேன் எடிட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன்.

ராத்திரி திறந்து பார்த்தால் சந்தைக்கடை. ஊறுகாய்க்கு எதிரே யாரோ சரியாக ‘வினைத்தொகை’ என்று எழுத, இன்னொருவர் அதை அழித்துவிட்டு ‘உணவுத்தொகை’ என்று போட்டிருக்கிறார். அதற்குக் கீழே, “டீச்சர், என் பதிலை அழிச்சது யாருன்னு எனக்குத் தெரியணும்.” எனக்கும்தான் தெரிய வேண்டும்!

ஆளுக்கொரு தாள் போகும்படி மாற்றலாம் என்று மறுபடி உள்ளே போனால் அந்த வாய்ப்பே காட்டவில்லை. இன்னொன்று, பாதிப் பேர் அப்பாவின் போனில்தான் பார்க்கிறார்கள். தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னால் அழுகிறார்கள்.

கணக்கு வாத்தியார்:
டீச்சர், இது எல்லாரும் ஒருமுறை விழுந்து எழுந்த பள்ளம். எனக்கு இயற்கணிதத்தில் நடந்தது. அந்தப் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் ‘மேக் எ காப்பி ஃபார் ஈச் ஸ்டூடன்ட்’ என்பதைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பிரதி, கோப்பின் பெயரிலேயே மாணவர் பெயரும் சேர்ந்து வரும். ஆனால் அனுப்புவதற்கு முன்பே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அனுப்பியபின் முடியாது. பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அசைன்மென்டை நீக்கினாலும் டாக் உங்கள் டிரைவில் பத்திரமாக இருக்கும். பதில்களை மட்டும் துடைத்துவிட்டு அதையே மறுபடி இணைக்கலாம்.

துடைக்கும் முன் கம்ப்யூட்டரில் ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ பாருங்கள். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும். உணவுத்தொகைக்காரர் மாட்டுவார்.

ஆய்வகம்:
போன் பிள்ளைகளை டாக்ஸில் எழுத வைக்காதீர்கள் மேடம். நோட்டில் எழுதி, கிளாஸ்ரூம் செயலியிலேயே படம் எடுத்து இணைத்து ‘டர்ன் இன்’ கொடுக்கச் சொல்லுங்கள். என் அறிவியல் வகுப்பில் பாதிக்குமேல் அப்படித்தான் வருகிறது. தலைகீழாக வரும், பாட்டியின் கால்விரல் ஓரத்தில் தெரியும், பழகிவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தப்பான படம் போனால் ‘அன்சப்மிட்’ செய்து மாற்றலாம். ஆனால் கெடு முடிந்தபின் மறுபடி ஒப்படைத்தால், முன்பு நேரத்தோடு கொடுத்திருந்தாலும் ‘லேட்’ என்றே காட்டும். கெடுவுக்குத் தேதி மட்டும் போட்டால் நேரத்தை இரவு 11:59 என்று அதுவே வைத்துக்கொள்ளும். மாலை ஏழு மணி என்று நீங்களே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பதினொன்றே முக்காலுக்கு “மிஸ், போகமாட்டேங்குது” என்று போன் வரும்.

கணக்கு வாத்தியார்:
மறந்துவிட்டேன். அனுப்பும்போது ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ்’ என்று இருப்பதைத் தட்டி ஒரே ஒரு மாணவரை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நான் எப்போதும் முதலில் ஒரு பையனுக்கு அனுப்பி, அவன் கையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கே அனுப்புவேன்.

தமிழம்மா:
சார், மேடம், இருவருக்கும் நன்றி. நீக்கிவிட்டு, இந்தமுறை காப்பி போட்டேன். ஆளுக்கொன்றாகப் போய்விட்டது. நோட்டில் எழுதிப் படம் எடுத்தவர்கள் 17 பேர்.

ஆனால் ஒரு வேடிக்கை. பதில்களைத் துடைக்கும்போது கை பட்டு ‘மலரடி’ ‘மலராடி’ ஆகியிருந்ததைக் கவனிக்கவில்லை. மூலத்தில் திருத்தினேன், பிள்ளைகள் திறந்துவிட்ட பிரதிகளில் அப்படியே நிற்கிறது. அசைன்மென்டுக்குக் கீழே கமென்டில் திருத்தம் போட்டேன். அதற்குள் மூன்று பேர் ‘மலராடி’க்கு வினைத்தொகை என்று எழுதி ஒப்படைத்தாயிற்று. ஆடுகிறதாம்.

வெர்ஷன் ஹிஸ்டரியும் பார்த்தேன் சார். உணவுத்தொகை எங்கள் வகுப்புத் தலைவன்.