‘ஷ்ராஃப்’ செய்வதற்கு நம் ஊரில் என்ன சொல்வார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பெட்டகத்தை ஒதுங்க வைத்தபோது, ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்து ஆங்கிலக் கடிதம் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வரி: ‘ரூபாய்களை ஷ்ராஃப் செய்து வாங்கவும்.’

ஷ்ராஃப் என்றால் பணம் மாற்றுபவர், காசாளர் என்று தெரியும். ஹாங்காங்கில் வண்டி நிறுத்துமிடங்களில் கட்டணம் கட்டும் இடத்துக்கு இன்றும் அதுதான் பெயர். ஆனால் அது வினைச்சொல்லாகவும் இருந்திருக்கிறது! காசை ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லதையும் கள்ளக்காசையும் பிரிப்பதுதான் பொருள். மூலம் ‘சர்ராஃப்’ என்ற அரபுச் சொல். பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நம் ‘சராப்பு’ம் அதே வேர்தான்.

தமிழில் இதற்குச் சொந்தச் சொல்லே உண்டு. காசு சோதிப்பவரைச் சங்க காலத்தில் வண்ணக்கன் என்றார்கள், பின்னாளில் நோட்டக்காரர். அப்பத்தா காசைச் சுண்டி ஓசை கேட்டுத்தான் வாங்குவார்கள். அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவைக்காமல் போய்விட்டேனே என்று இப்போது மனது அடித்துக்கொள்கிறது.

தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர் பக்கத்து அண்ணன்மார், ஆச்சிமார் உதவ வேண்டும். கிட்டங்கியில் (வெளிநாட்டில் நம்மவர்கள் தங்கித் தொழில் நடத்திய இடம்) இந்த வேலையை ‘நோட்டம் பார்ப்பது’ என்றார்களா, வேறு சொல் இருந்ததா? பழைய பேரேட்டிலோ கடிதத்திலோ அந்தச் சொல் இருந்தால், அந்த வரியை மட்டும் படமெடுத்துப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் தயவுசெய்து ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.