லெட்ரசோல் குளிசையும் விரல் விறைப்பும்

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் லெட்ரசோல் குளிசை எடுத்துவரும் என் அம்மாவுக்கு, காலையில் தேங்காய் துருவவோ போத்தல் மூடியைத் திறக்கவோ இயலாதபடி விரல்கள் விறைத்துப்போகின்றன. 5 ஆண்டுகள் எடுக்கச் சொன்ன மருந்தை இடையில் நிறுத்தலாமா?

பதில் 1:
தாமாக நிறுத்த விடாதீர்கள், தங்கச்சி. இந்தக் குளிசையால் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைவதால் பலருக்கும் வரும் வலி இது. வைத்தியரிடம் சொன்னால், சிறிது இடைவெளி விட்டு, அதே வகையில் வேறொரு மருந்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள். எனக்கு அனஸ்ட்ரசோல் ஒத்துக்கொண்டது. வெயில் ஏறுமுன் கடற்கரையில் நடப்பதும் விறைப்பைத் தளர்த்தியது. முதல் வாரம் அலுப்பாகத்தான் இருந்தது.

பதில் 2:
இம்மருந்து எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், அதற்கான பரிசோதனையையும் கேளுங்கள்.

பதில் 3:
நான் எடுப்பது தமொக்சிஃபென் என்ற வேறொரு மார்பகப் புற்றுநோய் மருந்து. இரவில் திடீரென எழும் வெக்கைதான் தொல்லை. பரொக்செற்றீன் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தமொக்சிஃபெனின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதால், எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் குளிசை அட்டையைக் காட்டுகிறேன்.