ஏவிஎம் (மூளையில் ரத்தக்குழாய்ச் சிக்கல்) என்று சொன்ன பிறகு நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள்?

மஞ்சக்குப்பத்துக்காரன்:

கடலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், வயது 34. முந்தின வருஷம் ஐப்பசியில் பாண்டி பஸ்ஸில் போகும்போது, கன்னியக்கோயில் தாண்டியதும் வலது கை தானாக வெட்டி இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழித்தால் உள்ளங்கையில் யாரோ கடைச் சாவிக்கொத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். (நல்ல மனசுதான். ஆனால் வலிப்புக்கு இரும்பு ஒன்றும் செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.)

எம்ஆர்ஐயில் இடது பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டி இரண்டரை சென்டிமீட்டரில் ரத்தக்குழாய்ச் சிக்கல், அதைத்தான் ஏவிஎம் என்கிறார்கள். தமனிக்கும் சிரைக்கும் நடுவில் இருக்கவேண்டிய தந்துகி இல்லாமல் ரத்தம் நேராகப் பாய்கிறதாம். போர் மோட்டாரைச் சொட்டுநீர்க் குழாயில் நேராக மாட்டினால் என்ன ஆகும், அதுதான். முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் "தலைக்குள்ள வெடிகுண்டு, நாளைக்கே அட்மிட் ஆகுங்க" என்றார்கள். பத்து நாள் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு திரிந்தேன். அம்மா வேறு "தலையில மட்டும் கத்தி வைக்க விடாதே" என்று அழுகை.

அடுத்து பார்த்த டாக்டர்தான் உட்காரவைத்துப் பேசினார். ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார்: தொடை இடுக்கில் குழாய் விட்டு மருந்து ஏற்றும்போது பாதி முகத்தில் வெந்நீர் ஊற்றின மாதிரி ஒரு சூடு, முடிந்ததும் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்கவேண்டும். படத்தைப் பார்த்து மார்க் போட்டார். மூன்று சென்டிமீட்டருக்குள், ஒன்று. பேச்சு இடம், ஒன்று. ரத்தம் வடிவது மேல்பக்கமாக, பூஜ்யம். ஆக, ஐந்து கிரேடில் இரண்டு (கிரேடு கூடக்கூட ஆபரேஷன் ஆபத்தும் கூடும்).

வெடிக்காததை அப்படியே விட்டால் ஆண்டுக்கு நூற்றில் 2 முதல் 4 பேருக்கு ரத்தம் கசியலாம் என்றார். கேட்கும்போது கொஞ்சமாகத்தான் தெரிந்தது. கடைக்கு வந்து பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன், வருஷம் 3 என்றாலே, மிஞ்சுகிறவர்களில் வருஷாவருஷம் நூற்றுக்கு 3 கழித்துக்கொண்டே போனால், 30 வருஷத்தில் நூற்றில் 60 பேர். இன்னொன்றும் அவரே சொன்னார்: 2014இல் வெளியான அரூபா ஆய்வில், வெடிக்காத ஏவிஎம்முக்கு வைத்தியம் செய்தவர்களில் நூற்றில் 31 பேருக்குப் பக்கவாதமோ மரணமோ வந்தது, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 10 பேருக்கு. ஆனால் பார்த்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு, எனக்கு ஓடவேண்டியது 30 வருஷம். ஆபரேஷன் செய்தால் அன்றே தீரும், பேச்சு போகலாம். பேச்சுப் போனால் கடை எப்படி நடத்துவது? கதிர்வீச்சை எடுத்தேன். அதில் அந்தச் சிக்கல் மூட இரண்டு மூன்று வருஷம், சிலருக்கு மூடாமலும் போகும், அதுவரை கசியும் ஆபத்து அப்படியே இருக்கும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

அரியாங்குப்பம் தங்கச்சி:

அண்ணா, உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. எங்கள் அண்ணன் ராத்திரி சாப்பிட்டு எழுந்தபோது "மண்டை பிளக்குது" என்றார், வாந்தி, மயக்கம். ஸ்கேனில் ஏற்கெனவே ரத்தம். ஒருமுறை கசிந்தால் முதல் வருஷத்தில் மறுபடி கசிய வாய்ப்பு அதிகம் என்றதால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டோம். ஆறு மாதம் பிசியோ, இப்போது சட்டைப் பொத்தானை மட்டும் இடது கையால் போடுகிறார். கதிர்வீச்சுக்கு அப்புறம் முடி கொட்டியதா? வேலைக்கு எப்போது போனீர்கள்?

மஞ்சக்குப்பத்துக்காரன்:

எனக்கு முடி கொட்டவில்லை சகோதரி. தலையில் சட்டம் மாட்ட நாலு இடத்தில் திருகுவார்கள், மரப்பு ஊசி போடும் அந்த நிமிஷம்தான் சுருக்கென்று இருக்கும். மறுநாள் வீடு, நாலாம் நாள் கடை. எட்டாம் மாதம் வார்த்தை தடுமாறியது, "ஸ்டேப்ளர்" என்பது வாயில் வரவில்லை. பயந்து ஓடினால் கதிர்வீச்சால் வந்த வீக்கம், ஸ்டீராய்டில் அடங்கிவிட்டது. வலிப்பு மாத்திரை காலை மாலை தொடர்கிறது.

அடுத்த எம்ஆர்ஐ பங்குனியில். அதுவரை ஸ்கூட்டர் மனைவி கையில், நான் பின்சீட்டு. கெடிலம் பாலத்தில் அவள் லாரியை முந்தும்போதுதான் தலைக்குள் இருப்பதே மறந்துபோகிறது.