'டெவன் லாக்' என்றால் கோட்டை விடுவதா?

செந்தில்_மொழி: ஆங்கிலக் கால்பந்துக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். கைக்கு வந்த பட்டத்தைக் கடைசி வாரங்களில் இழந்த அணியை 'டெவன் லாக் செய்துவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். 'கோட்டை விட்டது' என்று போட்டேன். சரிதானே?

பந்தயப்பிரியன்: சரியில்லை நண்பரே. டெவன் லாக் என்பது ஒரு பந்தயக் குதிரை, அது எதையும் கோட்டை விடவில்லை. 1956 மார்ச் 24, இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ மைதானம், கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் குதிரைப் பந்தயம். ராணி எலிசபெத்தின் தாயாருடைய குதிரை அது, ஓட்டியவர் டிக் பிரான்சிஸ். நாலு மைலுக்கு மேல் ஓடி, 30 தடைகளையும் தாண்டியாகிவிட்டது. எல்லைக்கு இன்னும் சுமார் 50 கஜம்தான். வெறும் புல்தரை. அங்கே போய், இல்லாத தடையைத் தாண்டுவதுபோல முன்னங்கால்களைத் தூக்கி, வயிறு தரையில் பட விழுந்தது. பின்னால் வந்த ஈ.எஸ்.பி. என்ற குதிரை ஜெயித்தது. இதற்கு நம்மிடம் இருக்கிற சொல், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பதுதான்.

தமிழ்நிலா: கதை சரி. ஆனால் இன்று அந்தக் குதிரையைப் பற்றித் தெரியாதவர்களும் இதைச் சொல்கிறார்கள், அதுவும் குறை சொல்லத்தான். புழக்கத்தில் இருக்கிற பொருளைத்தானே மொழிபெயர்க்க வேண்டும்?

பந்தயப்பிரியன்: அந்தப் புழக்கமே அநியாயம் என்கிறேன். கோட்டை விட்டதற்கு உதாரணம் வேண்டுமா? 1996 மாஸ்டர்ஸ் கோல்ஃப். கடைசி நாளில் 6 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் அடி, குறைவாக அடித்தவரே முன்னிலை) முன்னிலையோடு இறங்கிய கிரெக் நார்மன், நிக் ஃபால்டோவிடம் 5 ஸ்ட்ரோக்கில் தோற்றார். கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டார். டெவன் லாக் அப்படியா? பக்கத்திலிருந்த நீர்த்தடையைப் பார்த்துத் தாவியது என்பார்கள், தசைப்பிடிப்பு என்பார்கள். அரச குடும்பத்துக் குதிரை ஜெயிக்கப்போகிறது என்று கூட்டம் போட்ட கூச்சலில் மிரண்டது என்பது பிரான்சிஸின் நம்பிக்கை. எப்படிப் பார்த்தாலும் குதிரை மேல் தப்பில்லை.

தமிழ்நிலா: தப்பு யார் மேல் என்று தீர்ப்பு சொல்வது மொழிபெயர்ப்பவர் வேலை இல்லை. கட்டுரையாளர் அந்த அணியைத் திட்டுகிறார். 'தாழி உடைந்தது' என்று போட்டால் படிக்கிறவருக்கு அணி மேல் இரக்கம் வந்துவிடும். மூலத்தில் அந்த இரக்கம் இருக்கிறதா? செந்தில், முந்தைய பத்தியைப் பாருங்கள்.

செந்தில்_மொழி: பார்த்தேன். மூன்று ஆட்டங்களில் முன்னிலையில் இருந்து தோற்றிருக்கிறார்கள். மூன்றிலும் தடுப்பாட்டத்தில் அதே பிழை.

பந்தயப்பிரியன்: அப்படியென்றால் 'கோட்டை விட்டது' என்றே இருக்கட்டும். ஆனால் அடிக்குறிப்பில் அந்தக் குதிரையின் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். அது பாவம்.