ஃபெட்ச் கோரிக்கை அவ்வப்போது தோல்வியடைகிறது, பதிவும் இருமுறை சேமிக்கப்படுகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் வலைச் செயலியின் முகப்பும் (பயனர் பார்க்கும் பகுதி) ஏபிஐயும் (தரவைப் பெற்றுச் சேமிக்கும் சர்வர் பகுதி) வெவ்வேறு டொமைன்களில் இயங்குகின்றன. படிவத்தை ஃபெட்ச் (உலாவியிலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் வசதி) வழியாக போஸ்ட் செய்யும்போது, நாளுக்குச் சில முறை மட்டும் "ஃபெயில்ட் டு ஃபெட்ச்" என்ற டைப்எரர் பிழை வருகிறது. அந்த நேரத்திலும், நெட்வொர்க் இணைப்பு உண்டா எனச் சொல்லும் நேவிகேட்டர்.ஆன்லைன் ட்ரூ என்றே காட்டுகிறது. 5 நொடிக்குள் பதில் வராவிட்டால் கோரிக்கையை அபார்ட் செய்து (பாதியில் கைவிட்டு) மீண்டும் அனுப்பும்படி மாற்றினேன். அதன் பிறகு சில பதிவுகள் இரண்டு முறை சேர்ந்துவிட்டன. சர்வர் நோட் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் இயக்கும் மென்பொருள்) 20-ஆம் பதிப்பு, அதன் முன்னால் கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் இடைநிலை சர்வராக ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி. சர்வர் லாகில் பிழை எதுவும் இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி 1:
நேவிகேட்டர்.ஆன்லைன் ட்ரூ என்றால் கருவி ஏதோ ஒரு நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். உங்கள் சர்வரை எட்ட முடியும் என்று பொருளல்ல. மேலும், 404, 500 போன்ற பிழைப் பதில்களுக்கு ஃபெட்ச் பிழை எறியாது, அவற்றை ரெஸ்பான்ஸ்.ஓகே கொண்டு நாம்தான் சோதிக்க வேண்டும். டிஎன்எஸ் (டொமைன் பெயரிலிருந்து முகவரியைக் கண்டறிதல்) தோல்வி, இணைப்பு முறிவு, கோர்ஸ் (வேறு டொமைனின் பதிலைப் படிக்க உலாவி கேட்கும் அனுமதி) தடை ஆகிய மூன்றும் ஒரே டைப்எரராகத்தான் வரும். டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பகுதியில் தோல்வியுற்ற கோரிக்கையின் ஸ்டேட்டஸ் என்ன?

கேட்டவர்:
502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை) என்று இருக்கிறது. கன்சோலில் கோர்ஸ் பிழையும் தெரிகிறது. மற்ற கோரிக்கைகளில் கோர்ஸ் சரியாக இருப்பதால்தான் குழம்பினேன்.

மறுமொழி 2:
அந்த 502 பக்கத்தை அனுப்புவது ப்ராக்ஸி. உங்கள் நோட் நிரல் சேர்க்கும் கோர்ஸ் ஹெடர் (அனுமதிக் குறிப்பு) அதில் இல்லாததால், உலாவி பதிலை மறைத்து நெட்வொர்க் பிழையாகக் காட்டுகிறது. 502-க்குக் காரணம் பெரும்பாலும் கீப்அலைவ்டைம்அவுட், அதாவது சும்மா இருக்கும் இணைப்பை நோட் எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கும் என்ற அமைப்பு. நோட் 20-இல் அதன் இயல்பு மதிப்பு 5 நொடி. ப்ராக்ஸி சும்மா இருக்கும் இணைப்பை அதைவிட நீண்ட நேரம் வைத்திருந்தால், நோட் மூடிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் அந்த இணைப்பில் புதிய கோரிக்கையை அனுப்பிவிடும். கோரிக்கை உங்கள் நிரலை எட்டுவதே இல்லை என்பதால் லாகிலும் எதுவும் பதியாது. ப்ராக்ஸியின் மதிப்பைப் பார்த்து, நோட்டில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

இரட்டைப் பதிவு வேறு சிக்கல், அதுவே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அபார்ட் செய்வது உலாவியின் காத்திருப்பை நிறுத்துமே தவிர, சர்வர் தொடங்கிவிட்ட சேமிப்பைத் திரும்பப் பெறாது. ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி மூலம் ஓர் அடையாள எண் உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்புங்கள். டேட்டாபேஸில் அந்த நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) இருந்தால், இரண்டாவது முறை பழைய பதிலையே திருப்பித் தரலாம். மறுமுயற்சிகளுக்கிடையே 1, 2, 4 நொடி என இடைவெளியைக் கூட்டி, சிறிது தற்செயல் தாமதமும் சேருங்கள்; இல்லையெனில், தடுமாறும் சர்வரை எல்லா உலாவிகளும் ஒரே நேரத்தில் தட்டும்.

கேட்டவர்:
ப்ராக்ஸியில் 60 நொடி இருந்தது. நோட்டில் 65000 மில்லிநொடியாக மாற்றிய பிறகு இதுவரை 502 வரவில்லை. அடையாள எண்ணையும் சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி. பயனர் பக்கத்தை ரீலோட் செய்தால் அந்த எண் மாறிவிடுமே?

மறுமொழி 2:
உலாவியின் தற்காலிகச் சேமிப்பான செஷன்ஸ்டோரேஜில் அந்த எண்ணைப் படிவத் தரவுடன் சேர்த்து வையுங்கள். ரீலோட் ஆனாலும் அதே டேபில் அது நிலைத்திருக்கும். வெற்றிப் பதில் வந்த பிறகே நீக்குங்கள்.