புதுச்சேரியில் இருந்துகொண்டே இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனுக்கு மாற: படிப்பா, போர்ட்ஃபோலியோவா, ஆள் பழக்கமா?

லாஸ்பேட்டை_லேயர் கேட்டது:
இ-கன்டென்ட் கம்பெனியில் நான்கு வருஷமாக ஸ்டோரிலைன் (இ-லேர்னிங் கோர்ஸ் கட்டும் மென்பொருள்) டெவலப்பர் வேலை. ஸ்டோரிபோர்டு, அதாவது எந்த ஸ்லைடில் என்ன வரும் என்ற எழுத்துத் திட்டம், வேறு ஒருவர் எழுதி வரும், அதை ஸ்லைடாகக் கட்டித் தருவதோடு சரி. எழுதுகிற பக்கம், அதாவது பாடத்தை வடிவமைக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனுக்குப் போகணும். நாற்பதாயிரம் கட்டி ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் சேரலாமா? செய்த வேலை எல்லாமே என்டிஏ (வெளியே காட்டக் கூடாது என்ற ஒப்பந்தம்), போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டுவது? துறை ஆட்கள் கூடுவது சென்னை, பெங்களூரில்தான். இங்கிருந்து யாரைப் பிடிப்பது? தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு அரை நாள் ஒதுக்க முடியும்.

ஸ்டோரிபோர்டு_ராணி:
படிப்பில் சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: நான் எழுதும் ஸ்டோரிபோர்டை யாராவது வரிவரியாகத் திருத்தித் தருவார்களா? வெறும் வீடியோ, கடைசியில் குவிஸ் என்றால் அந்தப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.

என்டிஏ விஷயத்தில், லோகோவை மட்டும் அழித்துவிட்டு அதே கோர்ஸை ஏற்றுவது ரொம்பத் தப்பு. பார்க்கிறவர் மனதில் 'நாளைக்கு நம் கோர்ஸையும் இப்படித்தான் போடுவார்' என்றுதான் ஓடும். உள்ளடக்கத்தையே புதிதாக எழுதுங்கள். நமக்குப் பக்கத்திலேயே விஷயம் கிடக்கிறது: கடலூர் சிப்காட் மாதிரி இடத்தில் ஒரு ரசாயன ஆலை, காஸ்டிக் சோடா கையாளும் கான்ட்ராக்ட் ஆட்கள். எஸ்டிஎஸ் என்கிற பாதுகாப்புத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். முதலுதவி 4-ல், கையுறை கண்ணாடி எல்லாம் 8-ல். அதை ஸ்லைடில் கொட்டினால் அது பிபிடி. இப்படிச் செய்து பாருங்கள்: கண்ணில் தெறித்துவிட்டது, ஐவாஷ் (கண் கழுவும் குழாய்) இருபது அடி தள்ளி இருக்கிறது, சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார், முதலில் என்ன செய்வாய்? சூப்பர்வைசரிடம் சொல்வதைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பு எக்ஸ் போடாதீர்கள். அவர் 'எங்கே காட்டு' என்று கேட்கும்போது நொடிகள் ஓடுவதைக் காட்டுங்கள். 'எத்தனை நிமிஷம் கழுவ வேண்டும்' என்பது ஞாபகசக்திக் கேள்வி. ஐவாஷில் மூன்று நிமிஷம் ஆனதும் 'எரிச்சல் குறைந்துவிட்டது, போகலாமா?' என்று கேட்டால்தான், குறைந்தது 15 நிமிஷம் என்பது முடிவெடுக்கும் விஷயமாகிறது.

கூடவே ஒரு பக்கக் குறிப்பு: வேலையிடத்தில் நடக்கும் தப்பு எது, ஏன் இந்த இன்டராக்‌ஷன், எதை வேண்டுமென்றே விட்டேன். டெவலப்பரை டிசைனராக எண்ண வைப்பது அந்தப் பக்கம்தான். இப்படி இரண்டு மூன்று போதும், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்குள்.

எஸ்பிஓ_எஸ்கார்ம்:
மேலே சொன்னதை ஸ்டோரிலைனோடு வரும் ரிவ்யூ 360 தளத்தின் லிங்க்காக மட்டும் வைக்காதீர்கள், சந்தாவை நம்பி நிற்கும் லிங்க் அது. வெப் பப்ளிஷ் செய்து, வெப்சைட் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் போடுங்கள். முதல் ஃபைல் 'ஸ்டோரி' என்ற பெயரில் வரும், 'இண்டெக்ஸ்' பெயரில் ஒரு பக்கம் இல்லாவிட்டால் சைட் முகவரியைத் தட்டினால் 404தான். ஒரு ஃபைல் 100 எம்பி தாண்டினால் கிட்ஹப் வாங்காது, வீடியோவை முன்பே சுருக்கிவிடுங்கள்.

ஆள் பழக்கத்துக்கு என் யோசனை: நான்கு வருஷ டெவலப்பர் அறிவை மறைக்காதீர்கள், அதுதான் கைமுதல். ஸ்டோரிலைனைத் தயாரிக்கும் ஆர்ட்டிகுலேட்டின் இ-லேர்னிங் ஹீரோஸ் ஃபோரத்தில் வாராந்திர சேலஞ்ச் ஓடும், அதில் கலந்துகொள்ளுங்கள். அதைவிடப் பலன், அங்கே மாட்டிக்கொண்டு கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. திரும்பத் திரும்ப வருவது இரண்டு கேள்விகள். ஒன்று, எல்எம்எஸ் (கோர்ஸை ஏற்றி நடத்தும் தளம்) ஸிப்பை ஏற்கவில்லை: ஃபோல்டரையே ஸிப் பண்ணியிருப்பார்கள், கோர்ஸில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் ஃபைல் ஒரு படி உள்ளே போயிருக்கும். இரண்டாவது, பாதியில் விட்ட கோர்ஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது: ஸ்கார்ம் (கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் தரநிலை) 1.2-ல் விட்ட இடத்தை நினைவில் வைக்கும் சஸ்பெண்ட் டேட்டாவுக்கு 4096 எழுத்துதான் இடம், பெரிய கோர்ஸில் அது நிரம்பிவிடும். ஸ்கார்ம் 2004 மூன்றாம் பதிப்பில் 64,000. ஆனால் மூடுல் என்ற இலவச எல்எம்எஸ் 2004-ஐ முழுமையாக ஆதரிப்பதில்லை. அங்கே 1.2-லேயே இருந்து, அந்த 4096 வரம்பைத் தளர்த்த அட்மின் பக்கத்தில் ஸ்கார்ம் ஸ்டாண்டர்ட்ஸ் மோடை அணைக்கச் சொல்லலாம். பதில் சொல்லும் முன் கோர்ஸைச் சோதித்துப் பார்க்கும் ஸ்கார்ம் கிளவுட் தளத்தின் இலவசக் கணக்கில் ஓட்டி, லாகைப் பார்த்துவிடுங்கள். ஊகத்தில் சொன்னால் பெயர் கெடும்.

தமிழில் மாதிரி செய்தால் யூனிகோட் மட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்டோரிபோர்டை அப்படியே ஒட்டினால் தேடவும் முடியாது, ஸ்கிரீன் ரீடரும் உளறும். 'சப்மிட்' உட்கார்ந்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' உட்காராது, பெட்டியை முதலிலேயே அகலமாக வரையுங்கள்.

செம்மண்டலம்_செருப்பு:
டிசைனரோடு டிசைனர் பழகினால் டூல் பேச்சுதான் வளரும். பயிற்சி தேவைப்படுகிறவனைப் பழகுங்கள். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், கடலூர் சிப்காட் என்று சேஃப்டி ஆபீசர், ஹெச்ஆர், ட்ரெயினிங் ஆட்கள் நம் எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள், அந்த வாரம் ஆலைகளில் நிகழ்ச்சி வைப்பார்கள். மாதிரி கையில் தயாராக இருந்தால் பிப்ரவரி நடுவில் பேச்சுக் கொடுங்கள், மார்ச் 3-ம் தேதி போனால் அவருக்கு நிற்க நேரம் இருக்காது. மூடுல், எச்5பி (இன்டராக்டிவ் பாடம் செய்யும் இலவச டூல்) பக்கம் கை வைக்கணும் என்றால் புதுச்சேரியில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்ட்வேர் மூவ்மென்ட், விழுப்புரத்தில் ஜிஎல்யூஜி என்று கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. சர்வர் விஷயம் தெரிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். சென்னைக்கு வருஷம் இரண்டு முறை போனால் போதும்.

லாஸ்பேட்டை_லேயர்:
நன்றி மூவருக்கும். அறிமுகமே இல்லாத சேஃப்டி ஆபீசருக்கு என்னவென்று எழுதுவது? வேலை கேட்பது போல இருக்காதா?

செம்மண்டலம்_செருப்பு:
வேலை கேட்காதீர்கள், தப்பைக் கேளுங்கள். இப்படி: 'வணக்கம் சார். காஸ்டிக் கையாளும் ஆட்களுக்காகத் தமிழில் 4 நிமிஷப் பயிற்சி மாதிரி ஒன்று செய்திருக்கிறேன், போனிலேயே திறக்கும். உங்கள் ஃப்ளோரில் இதில் எது நடக்காது என்று ஒரு வரி சொன்னால் திருத்திக்கொள்வேன்.' லிங்க் ஒன்று, அவ்வளவுதான், ரெஸ்யூம் வேண்டாம். அனுப்பும் முன் சாதா ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அவர் சொன்ன திருத்தத்தைச் செய்து அதே லிங்க்கை மறுபடி அனுப்புங்கள், உண்மையான பழக்கம் அந்த இரண்டாவது மெசேஜில்தான் தொடங்கும். பதிலே இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதோடு விட்டுவிடுங்கள்.